இறக்கத்தில் எதற்கு கியர்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேலுமலை இறக்கத்தில், நான் என் வீட்டுக்காரரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடி. பின்னால் மாட்டியிருந்த ட்ரெய்லர் அதில் தெரிந்தது. ட்ரெய்லரில் ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு கைகள். அவருடைய கைகள். ஃப்ரிட்ஜ் இந்தப் பக்கம் சாய்ந்தால் அவரும் இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம்.

இதை எழுதும்போதே உள்ளங்கை வேர்க்கிறது. கொஞ்சம் இருங்கள்... தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

ம், வந்துவிட்டேன். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். நான் சரியான பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் என்றால் பயம். குக்கர் என்றால் பயம். எதிர்வீட்டில் யாராவது ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைத்தால்கூட நான் இங்கே கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆளே கிடையாது. ஆனால் என்னை மாதிரி ஆட்கள் பயப்படுவது எல்லா நேரமும் தப்பாகவா இருக்கும்? அதைத்தான் இந்த வாரம் கேட்கப் போகிறேன்.

என் நாத்தனார் சாந்தியின் மகளுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மத்தூரில் தனிக்குடித்தனம். கட்டில், மெத்தை, பீரோ, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் — எல்லாம் தாய்மாமன் சீர். தாய்மாமன்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் அவர் தம்பி, என் கொழுந்தன் குமரேசன். ஓசூரிலிருந்து சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"ஒரு மினி லாரி சொல்லிட்டா முடிஞ்சுது" என்றேன்.

குமரேசனுக்கு முகம் சுண்டிவிட்டது. "தாய்மாமன் சீரை வாடகை வண்டியில அனுப்புவாங்களா அண்ணி? சம்பந்தி வூட்ல என்னா நெனைப்பாங்க? நம்ம வண்டி இருக்குது, நாம போறோம்."

நம்ம வண்டி என்று அவன் சொன்னது ஒரு பழைய ஜீப்பையும், அவனே செய்த ஒரு ட்ரெய்லரையும். சிப்காட் பக்கத்தில் அவனுக்குச் சின்னதாக ஒரு வெல்டிங் ஷெட் இருக்கிறது. கம்பெனிகளுக்கு ரேக், ஸ்டாண்டு, தள்ளுவண்டி எல்லாம் செய்து கொடுக்கிறான். மிச்சம் மீதி இரும்பைச் சேர்த்து இந்த ட்ரெய்லரை உருவாக்கி, நீல பெயின்ட் அடித்து, ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டியிருந்தான். பொய் சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகவே இருந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

"இதுக்கு பிரேக் எங்க தம்பி இருக்குது?"

"பிரேக் ஜீப்புல இருக்குது அண்ணி. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அடுத்த பிரச்சினை ஃப்ரிட்ஜ். அதைப் படுக்கப் போடக் கூடாது, நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கயிறு போட்டுக் கட்டினார்கள். இழுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் சாந்திக்கு மனசு ஆறவில்லை. "கயித்தை நம்பி வுடறதா? யாராச்சும் கூட உக்காந்து புடிச்சுக்கிட்டா நிம்மதியா இருக்கும்" என்றாள். எங்கள் பக்கம் இது சகஜம். எந்த லோடு போனாலும் மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். கயிறு பாதி, ஆள் பாதி.

"நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார் இவர்.

"அறுபதைத் தொடற வயசுல ட்ரெய்லர்ல ஏறி உக்காருவீங்களா? விழுந்து வெச்சா?"

"அட, நீ ஒருத்தி... கெலமங்கலம் சந்தைக்கு நான் போவாத டிராக்டரா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். மூத்த தாய்மாமன் அல்லவா! புது மாப்பிள்ளை மாதிரி ஒரு பெருமை முகத்தில். பீரோவில் முதுகைச் சாய்த்து, ஃப்ரிட்ஜை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

குமரேசன் ஓட்ட, நான் முன்னால் அவன் பக்கத்தில். சாந்தி பலகார டப்பாக்களோடு பின் சீட்டில். கிளம்பிவிட்டோம்.

சூளகிரி தாண்டுகிற வரை ஒன்றும் இல்லை. சாந்தி சம்பந்தி வீட்டுக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பாதி கேட்டேன், பாதி கண்ணாடியைப் பார்த்தேன். அவர் ஒரு தடவை கையை எடுத்து எனக்கு ஆட்டிக்கூடக் காட்டினார். "கையை எடுக்காதீங்க" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது.

மேலுமலையில் ரோடு கீழே இறங்க ஆரம்பித்தது. சட்டென்று இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான்.

"என்ன தம்பி, வண்டி ஆஃப் ஆயிருச்சா?"

"ஆஃப் இல்ல அண்ணி, நியூட்ரல். எறக்கத்துல எதுக்கு கியரு? அதுபாட்டுக்கு உருண்டு போவும். டீசல் மிச்சம்."

"பின்னாடி இவ்வளோ வெயிட்டு இருக்குதேப்பா!"

"வெயிட்டு இருந்தா இன்னும் சூப்பரா உருளும்!"

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நானும் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் எடுத்தவள்தான். அதற்கப்புறம் வண்டியைத் தொட்டதில்லை, அது வேறு விஷயம். அங்கே சொல்லிக் கொடுத்ததில் ஒன்றே ஒன்று மட்டும் மனதில் தங்கியிருந்தது. மேடு ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் அதற்கும் ஒன்று குறைத்து.

"போன மாசம் இதே மேட்டுல ஏறும்போது மூணாவது போட்டியே தம்பி? அதையே போட்டு எறங்கேன்."

"அது ஏத்தம் அண்ணி. இது எறக்கம்." எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்குது."

"உங்களுக்கு எதுக்குத்தான் பயம் இல்ல?"

பின்னாலிருந்து சாந்தி வேறு. "அண்ணி, சும்மா வாங்க. இப்பதான் வண்டி சத்தமே இல்லாம ஜம்முனு போவுது. தொட்டில்ல ஆட்டற மாதிரி இருக்குது எனக்கு."

தொட்டில் ஆடுகிற மாதிரியா? வண்டி எதற்கு ஆட வேண்டும்?

கண்ணாடியைப் பார்த்தேன். ட்ரெய்லர் எங்கள் பின்னால் நேராக வரவில்லை. கொஞ்சம் இடது பக்கம் போய், அப்புறம் கொஞ்சம் வலது பக்கம் போய்... நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகும்போது அது இரண்டு பக்கமும் மோப்பம் பிடித்துக்கொண்டு வருமே, அப்படி வந்தது. என் வீட்டுக்காரர் இப்போது கை ஆட்டவில்லை. ஃப்ரிட்ஜின் மேல் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஏதோ கத்துகிறார். என்ன என்று கேட்கவில்லை.

"தம்பி... பின்னாடி ஆடுது. உங்கண்ணன் கத்தறாரு."

குமரேசன் பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்து யாரோ இடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளல். ட்ரெய்லர் இன்னும் அகலமாக ஆடியது. ஜீப்பின் பின்பக்கமே அதோடு சேர்ந்து நகர்ந்தது. சாந்தியின் டப்பாக்கள் உருண்டன. பயந்துபோய் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் வேகம்? அது ஏறிவிட்டது. மறுபடி மிதித்தான். மறுபடி ஆடியது.

"என்னாப்பா ஆவுது?"

"பிரேக் போட்டா ஆடுது அண்ணி... வுட்டா ஓடுது..."

அவன் குரலில் அந்தக் கிண்டல் போய்விட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எப்போதும் பயப்படுகிற நான் பயந்தால் அது வழக்கம். எதற்கும் பயப்படாத குமரேசன் பயந்தால்? ஏதோ கருகுகிற வாடை வர ஆரம்பித்தது. பிரேக்தான் என்று எனக்கே தெரிந்தது.

முன்னால் ஒரு கர்நாடகா லாரி, கல்லேற்றிக்கொண்டு, இடது ஓரமாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் எழுதியிருந்த எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகிக்கொண்டே வந்தது. குமரேசன் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான். ஜீப் தாண்டிவிட்டது. ட்ரெய்லர்? நான் கண்ணாடியைப் பார்த்தேன். லாரியின் சக்கரத்துக்கும் அந்த வெள்ளை ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு கை வைக்கிற இடம்கூட இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில்தான் அவருடைய முழங்கை இருந்தது.

சாமி எல்லாம் ஒன்று விடாமல் கூப்பிட்டேன். சத்தமாகவா மனசுக்குள்ளா, தெரியவில்லை.

லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "கியர் ஹாக்கப்பா! கியர்! கியர்!"

எனக்குக் கன்னடம் அரைகுறைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எல்லா பாஷையிலும் ஒன்றுதானே? நான் குமரேசனின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கியரைப் போடுடா! பிரேக்கை நம்பாத, கியரைப் போடு! உங்கண்ணன் செத்துருவாருடா!"

அவனை நான் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கிளட்சை மிதித்து லிவரைத் தள்ளினான். டாப் கியர் விழுந்தது. வேகம் ஏறுவது நின்றதே தவிர, குறையவில்லை. மூன்றாவதுக்குத் தள்ளினான். கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. உள்ளே போகவில்லை. லிவர் அவன் கையை உதறித் தள்ளியது.

"போவல அண்ணி!"

"இன்னொரு தடவ போடு!"

ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு மறுபடி தள்ளினான். விழுந்தது! இன்ஜின் ஒரு அலறல் அலறியது பாருங்கள்... ஜீப்பே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லோரும் முன்னால் போய் மோதினோம். பின் சீட்டில் அதுவரை ஜம்மென்று வந்துகொண்டிருந்த சாந்தி இப்போதுதான் அலறினாள். "அய்யோ! டேய்! என்னத்தடா ஒடச்ச?"

வேகம் குறைந்தது. ஆட்டமும் குறைந்தது. அப்புறம் இரண்டாவது கியர். இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. கத்தட்டும் என்று கத்தவிட்டோம். நாங்கள் தாண்டி வந்த அதே லாரி எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அடித்துக்கொண்டது சரிதான்.

இறக்கம் முடிந்து ஒரு டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. நான் இறங்கி ஓடினேன். அவர் அப்படியே இருந்தார். கண்களை இறுக்கி மூடி, ஃப்ரிட்ஜில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

"ஏங்க... நின்னுருச்சுங்க. எறங்குங்க."

"கை வரல" என்றார்.

நிஜமாகவே வரவில்லை. பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது.

"குதிச்சிருக்கலாமில்ல? இல்ல, ஃப்ரிட்ஜை வுட்டுட்டு ஓரமா படுத்திருக்கலாமில்ல?"

"நான் வுட்டா ஃப்ரிட்ஜு விழுந்துருமே..."

என்ன சொல்வது இந்த மனுஷனை? அவர் சாகத் தயாராக இருந்திருக்கிறார், ஃப்ரிட்ஜை விழவிடத் தயாராக இல்லை. நான் டீக்கடையில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். மெத்தையை விரிக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜை அதன் மேல் படுக்கப் போடச் சொன்னேன்.

சாந்தி ஓடி வந்தாள். "அண்ணி, படுக்கப் போடக் கூடாதுன்னு கடையில சொன்னாங்க!"

"ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டா நிமித்தி வெச்சு, ஒரு நாள் கழிச்சு சுவிட்ச் போட்டுக்கலாம் சாந்தி. உங்கண்ணனைப் படுக்கப் போட்டிருந்தா?"

பாவம், அவளுக்கும் அண்ணன்தானே. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். குமரேசன் இன்னும் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் ஜீப்புக்குள், பின் சீட்டில். கிருஷ்ணகிரி வரை நான் யோசித்துக்கொண்டே வந்தேன். சத்தம் இல்லாமல் வண்டி உருண்டபோது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. உண்மையில் அப்போதுதான் நாங்கள் செத்துக்கொண்டிருந்தோம். இன்ஜின் அலறியபோது எல்லோரும் பதறினோம். அப்போதுதான் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

இறக்கம்தானே என்று நாம் எத்தனை விஷயத்தை நியூட்ரலில் விடுகிறோம்? இவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நார்மலுக்கு வந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். அதுதான் சரியாகிவிட்டதே, எதற்கு மாத்திரை? பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நாம் அவனைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அதுபாட்டுக்குப் போகிறது என்று தோன்றுகிற இடத்தில்தான் பின்னால் இருக்கிற பாரம் நம்மைத் தள்ள ஆரம்பிக்கிறது. கியரில் இருக்கிற வண்டி முனகும், கத்தும், நச்சரிக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

மத்தூர் போய்ச் சேர்ந்தோம். சாமான்களை இறக்கி வைத்தோம். ஃப்ரிட்ஜை நிமிர்த்தி வைத்தார்கள். இலை போட்டார்கள். சம்பந்தி நல்ல மனுஷர். "காலையிலேயே வந்துருவீங்கன்னு பாத்தோமுங்க. வழியில ஏதாச்சும் தொந்தரவா?" என்று கேட்டார்.

குமரேசன் சட்டென்று சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு அவனுடைய பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க அண்ணிக்கு எறக்கம்னா கொஞ்சம் பயம். அதான் செகண்டு கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தோம்."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய? புது சம்பந்தி வீடு. ஆனால் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. அழுதுவிடுவேனோ என்று பயந்து ரசத்தைக் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்குச் சோற்றைப் பிசையவே முடியவில்லை, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. தம்பியை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"பயந்தது அவ ஒருத்திதானுங்க. அதனாலதான் நாங்க நாலு பேரும் இங்க சோத்துக்கு உக்காந்திருக்கோம்."

குமரேசன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துபோயிருந்தது. அப்புறம் அவனே எழுந்து வந்து அண்ணன் இலையில் சோற்றைப் பிசைந்து வைத்தான்.

சாந்தியை மகளிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் மூன்று பேரும் திரும்பினோம். பின்னால் காலி ட்ரெய்லர். திரும்பும் வழி பெரும்பாலும் ஏற்றம்தான். ஆனாலும் அங்கங்கே சின்னச் சின்ன இறக்கம் வரத்தான் செய்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் குமரேசன் வண்டியை மெதுவாக்கி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, பயமா இருக்குதா?"

இருக்கிறது என்றால் ஒரு கியர் குறைத்தான். ஓசூர் வந்து சேரும்வரை, இல்லை என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.